பகுதி சபைக்கு முடிவெடுக்கும் உரிமை வேண்டும்: ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறைக்கும், பெருநகர சென்னை மாநகராட்சியின் மதிப்பிற்குரிய மேயர், மாமன்ற உறுப்பினர்கள், ஆணையர் ஆகியோருக்கும்,

வணக்கம். இந்த மடலின் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையின் வார்டுகளில், ஒவ்வொரு பகுதியிலும் வாழும் மக்கள் கூடிப் பேசுவதற்கான பகுதி சபைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. மக்கள் அங்கே போய் மனு கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அத்துடன் அவர்களுடைய பங்கு முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு தங்கள் வார்டில் எந்தெந்த வேலைகள் நடக்க வேண்டும், அவற்றில் எது முதலில், எது பிறகு என்பதைச் சபையே கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டம் எழுதப்படுவதற்கு முன்பே மாமன்றத்தின் பார்வைக்கு வர வேண்டும். ஏற்க முடியாத தீர்மானம் எதுவாயினும் அதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க மாநகராட்சி கடமைப்பட்டிருக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். இதற்குப் புதிய அமைப்பு எதையும் உருவாக்க வேண்டியதில்லை. இருக்கும் அமைப்புக்கு உரிய வேலையைக் கொடுத்தால் போதும்.

இந்த அமைப்பு எளிதில் வந்துவிடவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். நகர உள்ளாட்சிகளுக்கான அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டுக் குழுக்கள் இருக்க வேண்டும் என்று அதன் 243-எஸ் பிரிவு கூறுகிறது. ஆயினும் பல ஆண்டுகளாகச் சென்னையில் அந்தத் தேவை மாமன்ற உறுப்பினர்களையே கொண்ட மண்டலக் குழுக்களோடு நின்றுபோயிற்று. மக்கள் பங்கேற்புக்கெனத் தனிச் சட்டம் இயற்ற வேண்டும் என்ற நிபந்தனையுடன் 2005 டிசம்பரில் மத்திய அரசின் ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம் வந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த உள்ளாட்சி மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19 வரை தேர்தலே நடைபெறவில்லை. ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் தனி அலுவலர்களால் இந்த நகரம் நிர்வகிக்கப்பட்டது. அந்த இடைவெளிக்குப் பிறகு, 2022-ஆம் ஆண்டிலேயே வார்டுக் குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகளை அரசு வெளியிட்டது உண்மையிலேயே பாராட்டத்தக்க செயல். அவ்வாண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில், தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் அன்றைய முதலமைச்சரே கலந்துகொண்டார். கிராம சபையைப் பற்றிக் கேள்விப்பட்டு மட்டுமே இருந்த நகரவாசிகளுக்கு, தங்களுக்கும் ஒரு சபை உண்டு என்பது அன்றுதான் பரவலாகத் தெரிந்தது.

அதன்பின் நடந்ததைப் பார்க்கும்போதுதான் இந்த மடலை எழுதத் தோன்றுகிறது. பகுதி சபை கூடும் இடங்களில் வழக்கமாக என்ன நடக்கிறது? மாமன்ற உறுப்பினர் தலைமை வகிக்கிறார். உதவிப் பொறியாளர், சுகாதார ஆய்வாளர் போன்றோர் அமர்ந்திருக்கிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை, கழிவுநீர் பொங்குகிறது, நாய்த் தொல்லை அதிகம், குடிநீரில் வாடை வருகிறது என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். அலுவலர்கள் குறித்துக்கொள்கிறார்கள். சிலவற்றுக்கு ஒரு வாரத்தில் தீர்வும் கிடைத்துவிடுகிறது. இது பயனுள்ள பணிதான், மறுக்கவில்லை. ஆனால் இதே பணியைச் செய்ய 1913 என்ற தொலைபேசி எண் இருக்கிறது, கைபேசிச் செயலி இருக்கிறது, மண்டல அலுவலகம் இருக்கிறது. ஒரு தெருவிளக்கைப் பழுது பார்ப்பதற்குச் சபை தேவையில்லை. எந்தெந்தத் தெருக்களுக்கு முதலில் விளக்கு, இருக்கும் பணத்தில் நடைபாதையா விளையாட்டுத் திடலா, சமுதாயக் கூடத்தின் வாடகை யாருக்கு எட்டும்படி இருக்க வேண்டும், குப்பையைத் தரம் பிரிக்கும் இடம் எங்கே அமையலாம் என்பவற்றை முடிவு செய்வதற்குத்தான் சபை தேவை. மனு என்பது ஒருவருடைய குறை. தீர்மானம் என்பது ஒரு பகுதியின் முடிவு. முதலாவதைப் பெற்றுக்கொள்வதால் இரண்டாவதை நடத்திவிட்டதாகக் கருதக் கூடாது.

முன்கூட்டியே கேட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்புக்குக் கோவளம் வடிநிலப் பகுதியின் மழைநீர் வடிகால் திட்டமே சான்று. ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு தென்சென்னைக்கு அந்தத் திட்டம் வகுக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய குடியிருப்புகளுக்கு உரியது. அங்கே நிலம் மணற்பாங்கானது. பெய்யும் மழையை மணலே உறிஞ்சி நிலத்தடி நீராகச் சேர்த்துக்கொள்ளும். அந்த நீர்தான் கடல்நீர் உட்புகாமல் தடுத்து, கிணறுகளை நன்னீராக வைத்திருக்கிறது. இவ்விடத்தில் கான்கிரீட் வடிகால் கட்டி மழைநீரைக் கடலுக்கு அனுப்புவது எதற்கு என்று குடியிருப்போர் கேட்டார்கள். சூழலியல் அறிந்தோரும் அவர்களோடு சேர்ந்து கேட்டார்கள். அந்தக் கேள்வி திட்ட அறிக்கை எழுதப்படும் முன்பு ஒரு சபையில் எழுந்து, பொறியாளர்களால் அங்கேயே பதிலளிக்கப்பட்டிருக்க வேண்டும். மாறாக, போராட்டமாகவும் பிறகு வழக்காகவும் மாறி, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது. மக்கள் எதிர்த்ததால் திட்டம் தாமதமாயிற்று என்று ஒருசாரார் சொல்வார்கள். தாமதம் தொடங்கியது மக்கள் எதிர்த்த நாளில் என்று என்னால் ஏற்க முடியாது. அவர்களைக் கேட்காமல் வரைபடம் போட்ட நாளில்தான் அது தொடங்கியது.

வடகிழக்குப் பருவமழைதோறும் தண்ணீர் தேங்கும் புளியந்தோப்பு, வியாசர்பாடி, வேளச்சேரி போன்ற பகுதிகளிலும் இதே நிலைதான். எந்தச் சந்தில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வடிகால் மூடியைத் திறந்தால் வடியும், எந்தப் புதிய சாலை பழைய வீடுகளின் வாசற்படியைவிட உயர்ந்துவிட்டது என்பதெல்லாம் அங்கு வாழ்பவர்களுக்கு அத்துபடி. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அக்கம்பக்கத்தாரைப் படகு வரும்வரை காப்பாற்றியது பெருமளவு அந்த அறிவுதான். செயற்கைக்கோள் படமும் நிலமட்ட அளவீடும் தேவையில்லை என்று நான் வாதாடவில்லை. அளவீடு செய்யும் ஒப்பந்ததாரர் வெயில் காலத்தில் வருகிறார். தண்ணீர் நிற்கும் காலத்தில் அங்கே இருப்பவர்கள் குடியிருப்போர் மட்டுமே. இவ்விரு அறிவும் சந்திக்கும் ஓர் இடம் சட்டப்படி இருக்க வேண்டும். பகுதி சபையைத் தவிர அதற்குப் பொருத்தமான வேறோர் இடம் எனக்குத் தெரியவில்லை.

மடலின் மையமான செய்திக்கு வருகிறேன்: நாட்காட்டி. மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டம் பொதுவாக நிதியாண்டு முடியும் வேளையில் மாமன்றத்தில் முன்வைக்கப்படுகிறது. அதற்கான மதிப்பீடுகள் அதற்குச் சில மாதங்கள் முன்பே மண்டலங்களிலும் துறைகளிலும் தயாராகத் தொடங்கிவிடுகின்றன. பகுதி சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்று விதி இருந்தாலும், அந்தக் கூட்டங்களில் எது மதிப்பீட்டுப் பணியோடு இணைந்தது என்பதற்கு ஏற்பாடு இல்லை. ஆகையால் பிப்ரவரியில் ஒரு சபை எத்தனை நியாயமான வேலையைக் கேட்டாலும், பட்டியல் முடிந்துவிட்டது, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்ற பதில் வருகிறது; அடுத்த ஆண்டும் அதே பதில்தான். ஆண்டில் ஒரு கூட்டத்தை, செப்டம்பர் அல்லது அக்டோபரில், வார்டின் வேலைத் திட்டத்துக்கென்றே ஒதுக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு முன்பு வார்டுக்கு ஏறத்தாழ எவ்வளவு பணம் கிடைக்கும், நடந்துகொண்டிருக்கும் வேலைகள் எவை, அவற்றின் ஒப்பந்தத் தொகை எவ்வளவு என்பதை எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு ரேஷன் கடையிலும் அம்மா உணவகத்திலும் மாநகராட்சிப் பள்ளி வாசலிலும் ஒட்ட வேண்டும். கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத சபை ஆசைகளைத்தான் அடுக்கும். தெரிந்த சபைதான் ஒன்றைத் தள்ளி மற்றொன்றை ஏற்கும். கொள்கை முடிவு என்பது அதுதானே.

இது நம் அண்டை மாநிலத்தில் பெரிய அளவில் செய்து பார்க்கப்பட்டது. கேரளம் 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் பணத்தைக் கொடுப்போம், திட்டமிடும் திறமை திட்டமிடுவதன் மூலமே வளரும் என்பது அதன் அடிப்படை. திறமை வந்த பிறகு அதிகாரம் தருவோம் என்று காத்திருந்தால் இரண்டுமே வராது என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். 1998-இல் தொடங்கிய, கேரள அரசின் மகளிர் திட்டமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள், பத்து முதல் இருபது பெண்கள் கூடும் சிறு அமைப்புகளாக, அந்தத் திட்டமிடலுக்குக் கீழ்மட்டத்தில் உறுதியான அடித்தளம் தந்தன. நம்மிடமும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன; அவற்றைக் கடனுக்கும் அரசு விழாக்களுக்கும் மட்டும் அழைக்காமல் வார்டுத் திட்டத்துக்கும் அழைக்கலாம். புனே மாநகராட்சி 2006 முதல் மக்களிடமிருந்து வேலைக்கான பரிந்துரைகளை வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பே பெற்றுச் சேர்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. சிறு தொகைக்குத்தான் என்றாலும் வரிசைமுறை சரியானது.

சபையில் அமர்பவர் யார் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு இவை எதையும் பேசுவதில் பொருளில்லை. பெருநகர சென்னையில் 200 வார்டுகள். 2011 கணக்கெடுப்பை வைத்துப் பார்த்தாலே ஒரு வார்டுக்குச் சராசரியாக 30,000-க்கும் மேற்பட்ட மக்கள்; நம் மாநிலத்தின் பெரும்பாலான கிராம ஊராட்சிகளைவிட இது பெரியது. ஒவ்வொரு பகுதிக்குமான பிரதிநிதி மன்றத்தால் நியமிக்கப்படுகிறார். நடைமுறையில் அது அந்த வார்டு உறுப்பினரின் விருப்பமாகவே அமைகிறது. உறுப்பினர் நேர்மையானவராக இருந்தாலும், தம்மால் நியமிக்கப்பட்டவர் தம்மைக் கேள்வி கேட்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. பகுதி சபையில் வந்திருப்போரே தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும்படி விதியைத் திருத்துங்கள். அந்தப் பிரதிநிதிகளில் மூவருக்கு ஒருவரேனும் வாடகைக்குக் குடியிருப்பவராக இருக்கட்டும் என்றும் கேட்பேன். ஏனெனில் குடியிருப்போர் நலச் சங்கங்களில் பேசுவோர் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள். அவர்களுடைய உழைப்பை நான் மதிக்கிறேன். நீர்நிலைகளையும் பூங்காக்களையும் காப்பதில் பல சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கின்றன. இருந்தாலும் வாகனம் நிறுத்த இடம் கேட்பவரும், பேருந்து நிறுத்தத்தில் நிழல் கேட்பவரும் ஒரே குரலில் பேச மாட்டார்கள்.

வாக்காளர் பட்டியலை மட்டும் அளவுகோலாகக் கொள்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. சொந்த ஊரில் வாக்கை வைத்துக்கொண்டு பத்து ஆண்டுகளாக இங்கே வாடகை கொடுத்து வாழ்பவர்கள் ஏராளம். கட்டட வேலைக்கும் உணவக வேலைக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்திருப்பவர்கள் மற்றொரு சாரார். இந்த நகரத்தின் தண்ணீரைக் குடித்து, கழிவறைக்கு வரிசையில் நின்று, பேருந்தில் தொங்கிப் போகும் இவர்களுக்கு வாக்கு இல்லாவிட்டாலும், சபையில் எழுந்து பேசவும் அந்தப் பேச்சு தீர்மானப் புத்தகத்தில் பதியப்படவும் உரிமை இருக்க வேண்டும். கூட்டம் நடக்கும் நேரத்தையும் கவனியுங்கள். வேலை நாளில் முற்பகலில் கூட்டினால் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும், தூய்மைப் பணியாளர்களும், நடைபாதைக் கடைக்காரர்களும் வரவே முடியாது. மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ கூட்டி, குழந்தைகளோடு வருபவர்களுக்கு அங்கன்வாடியைத் திறந்துவைத்தால் முகங்கள் மாறும்.

கண்ணகி நகரையும் எழில் நகரையும் இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல் நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கடற்கரையோரங்களிலிருந்தும் குடும்பங்கள் அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டன. இன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். வேலை செய்யும் இடம் எங்கே, பிள்ளைகள் படிக்கும் பள்ளி எங்கே, இரவில் பேருந்து உண்டா என்பன வெளியேற்றத்துக்கு முன் அந்தக் குடும்பங்களிடம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். கேட்காததன் விலையை அந்தக் குடும்பங்கள் வேலையிழப்பாலும், பிள்ளைகள் படிப்பைப் பாதியில் நிறுத்தியதாலும் கொடுத்தார்கள். தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் இனி எந்தக் குடியிருப்பை அகற்றினாலும், இடித்துக் கட்டினாலும், அப்பகுதியின் சபையில் வரைபடத்தை விரித்து வைத்து, அங்கு வாழ்வோரின் பெரும்பான்மை ஒப்புதலைப் பெற்ற பிறகே தொடங்க வேண்டும் என்று அரசாணை பிறப்பியுங்கள். மற்றவற்றில் நான் விட்டுக்கொடுத்துப் பேசத் தயார், இதில் இல்லை.

பாதிக்கப்படுவோர் முடிவெடுக்கும் குழுவில் இருக்க வேண்டும் என்பது நம் சட்டத்துக்குப் புதிதும் அல்ல. தெரு வியாபாரிகள் சட்டம், 2014, நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பங்கு 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்றும், அவர்கள் தங்களுக்குள் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கூடையில் பூவும் மீனும் விற்பவர்களுக்குக் கொள்கை வகுக்கும் தகுதி உண்டு என்று நாடாளுமன்றமே ஏற்றிருக்கும்போது, ஒரு வார்டின் மக்களுக்கு அது இல்லை என்று எப்படிச் சொல்வது?

பணத்தைப் பிரிக்கும் முறையிலும் ஒரு வார்த்தை. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் தங்கள் பங்காக ஒரு தொகை செலுத்தினால் மீதியை அரசு தருகிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் நகரத்தில் பங்குத் தொகையை எளிதாகத் திரட்டக்கூடியவை வசதியான பகுதிகளே. பூங்கா ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கு இன்னொரு பூங்கா வருவதற்கு அது வழிசெய்துவிடும். பிரேசிலின் போர்டோ அலெக்ரே நகரம் 1989-இல் மக்கள் பங்கேற்பு வரவு செலவு முறையைத் தொடங்கியபோது, ஒரு பகுதி எதைக் கேட்கிறது என்பதோடு அங்கே எவ்வளவு மக்கள் வாழ்கிறார்கள், எந்த வசதி எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதையும் மதிப்பெண்ணாக்கிப் பணத்தைப் பிரித்தது. அந்த முறை, அதைக் கொண்டுவந்த கட்சி 2004 தேர்தலில் தோற்றபின், படிப்படியாக நலிந்தது. ஆளும் தரப்பின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்கும் பங்கேற்புக்கு ஆயுள் குறைவு. அதனால்தான் சுற்றறிக்கையாகத் தராமல் விதியாகவே எழுதித் தாருங்கள் என்று வேண்டுகிறேன்.

சபையில் எழும் கேள்விகளில் பெரும்பகுதி மாநகராட்சியைச் சேர்ந்தவையே அல்ல. குழாயும் கழிவுநீரும் சென்னைக் குடிநீர் வாரியத்துக்கு உரியவை, மின்கம்பி மின்வாரியத்துக்கு, பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டட அனுமதியில் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் பங்குண்டு. சாலை போட்ட மறுவாரம் குழாய்க்காக அதைத் தோண்டுவதைத் தடுக்க வேண்டுமானால் இந்த அமைப்புகளின் பொறியாளர்கள் ஒரே கூட்டத்தில், மக்கள் முன்னிலையில், தங்கள் ஆண்டு வேலைப் பட்டியலை வைத்தாக வேண்டும். வராத அலுவலரின் பெயரும் பதவியும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகட்டும்.

மாமன்ற உறுப்பினர்களே, உங்கள் மனத்தில் எழக்கூடிய தயக்கத்தையும் நான் அறிவேன். வாக்குப் பெற்று வந்தவர்கள் நாங்கள். சபையே முடிவு செய்தால் எங்களுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இன்றைய நிலையில் ஒரு வேலை நடக்காவிட்டால் பழி முழுவதும் உங்கள் மீது விழுகிறது; ஆணையிடும் அதிகாரமோ பெரிதும் அலுவலர்களிடம் இருக்கிறது. பகுதி சபைகளின் தீர்மானங்களைக் கையில் வைத்துக்கொண்டு மாமன்றத்தில் பேசும் உறுப்பினரை எந்தத் துறையும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. உங்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். பலர் முதன்முறையாகப் பொறுப்புக்கு வந்தவர்கள். உங்களுக்கு இந்தச் சபை பலமாகவே அமையும்.

அலுவலர்கள் தரப்பில் வேறொரு கவலை உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியும் தன் எல்லைக்குள் மட்டுமே பார்க்கும். குப்பை உரமாக்கும் மையமும், வீடற்றோர் காப்பகமும், பொதுக் கழிப்பறையும் எங்கள் தெருவில் வேண்டாம் என்று எல்லாச் சபைகளும் சொன்னால் நகரம் எங்கே அவற்றை வைக்கும்? இதற்கு எல்லை வகுத்தே ஆக வேண்டும். ஒருவரின் அடிப்படை உரிமையை, அவர் வீடற்றவராயினும் திருநராயினும் வேறு மொழி பேசுபவராயினும், பக்கத்து வீட்டாரின் வாக்கெடுப்புக்கு விடக் கூடாது. காப்பகம் வேண்டுமா வேண்டாமா என்பது சபைக்குரிய கேள்வியாகாது. வார்டுக்குள் எந்த இடத்தில், எந்த ஏற்பாடுகளோடு என்பதே அதற்குரியது. பெரிய குழாய்ப் பாதை, ஆற்று முகத்துவாரம், மெட்ரோ ரயில் தடம் போன்றவை நகரம் முழுவதற்குமானவை. அவற்றில் சபையின் கருத்து கேட்கப்பட வேண்டும், இறுதி முடிவு மாமன்றத்திடமும் அரசிடமும் இருக்கலாம். இந்த எல்லையைத் தெளிவாக எழுதிவைத்தால், எல்லைக்கு உட்பட்டவற்றில் சபையின் முடிவைத் தள்ளிவைக்க யாருக்கும் சாக்கு இருக்காது.

பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. அதற்கு அடுத்த இருபதாண்டுகளுக்கான மூன்றாம் திட்டத்தைப் பகுதி சபைகளுக்குக் கொண்டு வாருங்கள். ஆயிரக்கணக்கான பக்கங்களை யாரும் படிக்க வேண்டியதில்லை. எங்கள் வார்டின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு, எது ஏரி, எது சதுப்பு நிலம், எது குடியிருப்பு, எது வணிகம் என்று நிறத்தோடு காட்டி, சமுதாயக் கூடத்தின் சுவரில் ஒரு மாதம் தொங்கவிடுங்கள். அதன்மீது எழும் ஆட்சேபனைகளைச் சபையில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, அதே சுவரில் ஒட்டுங்கள்.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களுக்கு ஐந்தாண்டுக் காலமே வரையறை. விதித் திருத்தத்துக்கு நேரம் பிடிக்கலாம். அதுவரை எதுவும் செய்ய முடியாது என்பதில்லை; மண்டலத்துக்கு ஒரு வார்டைத் தேர்ந்தெடுத்து, அடுத்து வரும் சபைக் கூட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்பாக அவற்றின் நடப்பு வேலைப் பட்டியலையும் ஒப்பந்தத் தொகைகளையும் வெளியிட ஆணையர் ஓர் உத்தரவு போட்டாலே போதும். அந்த வார்டுகளில் வியாசர்பாடியும் கண்ணகி நகரும் அடங்கிய வார்டுகள் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையில் வாடகை வீட்டில் வாழும் ஒரு வாக்காளர்